மாயா, அஸ்டெக், இன்கா மதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றும் ஒரே மதத்தின் கிளைகளா?

இல்லை. மாயா மக்களும் அஸ்டெக் மக்களும் ஒரே பண்பாட்டு வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். 260 நாள் நாட்காட்டி, ரப்பர் பந்தாட்டம், இறகுப் பாம்புத் தெய்வம் ஆகியவை இருவருக்கும் பொது. ஆனால் காலம் வேறு. தீக்கால், பாலென்கே, கோபான் போன்ற மாயா நகரங்கள் ஓங்கியிருந்தது ஏறத்தாழ கி.பி. 250 முதல் 900 வரை. அஸ்டெக் என்று நாம் அழைக்கும் மெஷீகா மக்கள் தங்கள் தலைநகர் தெனோச்தித்லானை நிறுவியதாகச் சொல்லும் ஆண்டு 1325. இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் நிற்கிறது. 1521 ஆகஸ்ட் 13 அன்று அது ஸ்பானியரிடம் வீழ்ந்தது.

இன்கா அரசு முற்றிலும் வேறு உலகம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், குஸ்கோவைத் தலைநகராகக் கொண்டு இருந்தது. இன்கா அரசரும் மெஷீகா அரசரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்றே இல்லை. ‘மாயா-இன்கா தெய்வம்’ என்று தொடங்கும் எந்தக் காணொளியையும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இந்தக் கதைகள் நமக்கு எப்படிக் கிடைத்தன?

மாயா மக்களுக்கு முழுமையான எழுத்து இருந்தது. மரப்பட்டைத் தாளில் மடிப்பு நூல்கள் எழுதினார்கள். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே: டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் ஒவ்வொன்று, மெக்சிகோவில் ஒன்று. 1562 ஜூலையில் யுகாத்தானின் மானி ஊரில் துறவி தியேகோ தெ லாண்டா மாயா நூல்களைக் குவித்து எரித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே லாண்டா எழுதிவைத்த ‘எழுத்துப் பட்டியல்’தான் 1952-இல் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ் மாயா எழுத்தைப் படிக்க வழி கண்டபோது திறவுகோலாக இருந்தது.

மெஷீகா சமயத்துக்கு முதன்மை ஆதாரம், பெர்னார்தினோ தெ சாகுன் என்ற துறவி, மெஷீகா மக்களின் மொழியான நாவாத்ல் பேசும் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்த 12 பாகத் தொகுப்பு. புளோரென்ஸ் சுவடி என்று பெயர். 1577 வாக்கில் முடிந்தது. இன்காக்களிடம் எழுத்து இல்லை. முடிச்சுக் கயிறுகளான ‘கிப்பு’ மட்டுமே. அதனால் ஏறத்தாழ எல்லாமே ஸ்பானியர் எழுதியவை. உள்ளூர்க் குரலில் கிடைப்பது அரிது: 1608 வாக்கில் ஆண்டிஸ் மக்களின் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட வாரோசிரி சுவடி அப்படி ஒன்று. ஆனால் அது பேசுவது பெரும்பாலும் லிமாவுக்கு மேலுள்ள மலைக் கிராமங்களின் தெய்வங்களை, குஸ்கோ அரசமதத்தை அல்ல.

ஆகவே எந்தக் கதையைப் படித்தாலும் யார் எழுதியது, எந்த ஆண்டில், யாரிடம் கேட்டு என்ற மூன்றையும் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மாயா கதையில் மனிதன் எப்படிப் படைக்கப்பட்டான்?

குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களுடைய ‘போபோல் வூ’ சொல்வது இது. முதலில் விலங்குகள், அவற்றுக்குத் தெய்வத்தின் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து மண்ணால் செய்த உடல், நீரில் கரைந்தது. மூன்றாவது மரத்தால் செய்த மனிதர்கள். பேசினார்கள், பெருகினார்கள், ஆனால் உள்ளே மனம் இல்லை, படைத்தவரை நினைக்கவில்லை. அவர்கள் மேல் வெள்ளம் வந்தது. அதோடு வீட்டுச் சாமான்களும் திரும்பின: தினமும் அரைபட்ட அம்மி அவர்களை அரைக்கப் போவதாகச் சொன்னது, அடுப்பில் கரிந்த சட்டிகள் பழி கேட்டன, பட்டினி கிடந்த நாய்கள் கடித்தன. தப்பியவர்கள் குரங்குகளானார்கள்.

நான்காவது முறைதான் சரியாக வந்தது. மஞ்சள், வெள்ளை மக்காச்சோளத்தை ஷ்முகானே என்ற பாட்டி ஒன்பது முறை அரைத்த மாவிலிருந்து நான்கு ஆண்கள் உருவானார்கள். இவர்கள் பார்வை எல்லை இல்லாமல் விரிந்தது. உலகம் முழுவதும் தெரிந்தது. தெய்வங்களுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடியில் ஊதினால் ஆவி படிவதுபோல் அவர்கள் கண்களை மங்கச் செய்தார்கள்.

இடையில் வருவது இரட்டையர் கதை. ஹுன் ஹுனாபு பந்தாடப் போய், பாதாளமான ஷிபால்பாவின் அதிபதிகளிடம் தோற்றுத் தலையை இழக்கிறான். தலையை ஒரு மரத்தில் வைக்கிறார்கள், மரம் காய்க்கிறது. அது நம் ஊரில் திருவோட்டு மரம் என்று வளர்க்கும் அதே அமெரிக்க மரம். பார்க்க வந்த பெண்ணின் கையில் அந்தத் தலை எச்சில் உமிழ, ஹுனாபு, ஷ்பாலன்கே என்ற இரட்டையர் பிறக்கிறார்கள். இருள் வீடு, கத்தி வீடு, குளிர் வீடு, சிறுத்தை வீடு, நெருப்பு வீடு, வௌவால் வீடு எல்லாவற்றையும் கடக்கிறார்கள். கடைசியில் தாங்களே தீயில் குதிக்கிறார்கள். எலும்பை அரைத்து ஆற்றில் போட, ஐந்தாம் நாள் மீண்டு எழுந்து நாடோடிக் கூத்தாடிகளாக வருகிறார்கள். ஒருவர் ஒருவரை வெட்டி உயிர்ப்பிக்கும் வித்தையைக் கண்ட பாதாள அதிபதிகள், ‘எங்களையும் வெட்டு’ என்கிறார்கள். வெட்டினார்கள், உயிர்ப்பிக்கவில்லை.

இன்று நமக்கிருப்பது 1700-களின் தொடக்கத்தில் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் எடுத்த படி. ஆனால் கதை அதைவிட மிகப் பழையது. சான் பார்தோலோ சுவரோவியங்களில் கி.மு. 100 வாக்கிலேயே மக்காச்சோளத் தெய்வம் நிற்கிறது.

மாயா நாட்காட்டி எப்படி வேலை செய்கிறது? ஒரு தேதியை நானே கணக்கிட முடியுமா?

முடியும், தாளும் பேனாவும் போதும். மூன்று எண்ணிக்கைகள் ஒன்றாக ஓடுகின்றன.

முதலாவது 260 நாள் சுற்று. 1 முதல் 13 வரை எண்களும் 20 நாள் பெயர்களும் இணையாக நகரும். இரண்டாவது 365 நாள் ஆண்டு: 20 நாள் கொண்ட 18 மாதம், அதன்பின் ‘வாயெப்’ என்ற 5 கெட்ட நாட்கள். இரண்டும் சேர்ந்து அதே இணைக்குத் திரும்ப 18,980 நாட்கள், அதாவது 52 ஆண்டு ஆகும். மூன்றாவது நீள் எண்ணிக்கை. அதன் அலகுகள்: கின் 1 நாள், வினால் 20, துன் 360, கதுன் 7,200, பக்துன் 1,44,000. தொடக்க நாள் ‘4 அஹாவ் 8 கும்கு’ (260 நாள் சுற்றில் 4 அஹாவ், 365 நாள் ஆண்டில் கும்கு மாதம் 8); நம் கிரிகோரியன் கணக்கில் கி.மு. 3114 ஆகஸ்ட் 11.

பாலென்கே மன்னர் பகால் இறந்த நாள் கல்வெட்டில் 9.12.11.5.18 என்று இருக்கிறது. போட்டுப் பார்ப்போம்.

9 × 1,44,000 = 12,96,000
12 × 7,200 = 86,400
11 × 360 = 3,960
5 × 20 = 100
கடைசியில் 18
மொத்தம் 13,86,478 நாட்கள்.

இதை 13-ஆல் வகுத்தால் மீதி 2. தொடக்க எண் 4 உடன் கூட்ட 6. அடுத்து 20-ஆல் வகுத்தால் மீதி 18. அஹாவுக்குப் பின் 18-ஆவது பெயர் எட்ஸ்னாப். பிறகு 365-ஆல் வகுத்தால் மீதி 208. கும்கு 18-ஆவது மாதம், அதனால் 8 கும்கு என்பது ஆண்டின் 348-ஆவது இடம் (மாதத்தின் முதல் நாள் 0). 348 + 208 = 556; 365 கழிக்க 191. ஒன்பது மாதம் 180 போக 11 மிச்சம், பத்தாவது மாதம் யாஷ். விடை: 6 எட்ஸ்னாப் 11 யாஷ். கல்வெட்டும் அதையே சொல்கிறது.

என் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லையே?

பெரும்பாலும் நான்கில் ஒன்று காரணம். துன் என்பதை 20 வினால், அதாவது 400 நாள் என்று எடுத்திருப்பீர்கள். அது 18 வினால்தான், அந்த ஓர் இடத்தில் மட்டும் இருபதின் அடுக்கு உடைகிறது. அல்லது மாதத்தின் முதல் நாளை 1 என்று எண்ணியிருப்பீர்கள். அல்லது கி.மு. 1-க்குப் பின் நேராக கி.பி. 1 வருகிறது, நடுவில் சுழியம் ஆண்டு இல்லை என்பதை மறந்திருப்பீர்கள்.

நான்காவது நுட்பமானது. மாயா நாளை ஜூலியன் நாள் எண்ணாக (வானியலாளர் பயன்படுத்தும் தொடர் நாள் எண்ணிக்கை) மாற்ற ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டும். சிலர் 5,84,283 என்றும் சிலர் 5,84,285 என்றும் எடுக்கிறார்கள். விடையை ஜூலியன் தேதியாகவும் தரலாம், கிரிகோரியன் தேதியாகவும் தரலாம். அதனால்தான் பகால் மறைந்தது 683 ஆகஸ்ட் 26, 28, 29, 31 என்று நான்கு விதமாக அச்சில் வருகிறது. நான்கும் குறிப்பது அதே மாயா நாளைத்தான்.

2012-இல் உலகம் அழியும் என்று அவர்கள் சொன்னார்களா?

சொல்லவில்லை. 2012 டிசம்பர் 21 அன்று 13 பக்துன்கள், அதாவது 18,72,000 நாட்கள் நிறைந்தன. அந்த நாளைச் சொல்லும் தோர்துகேரோ கல்வெட்டில் ஒரு தெய்வத்தின் பெயர் வருகிறது, அழிவு வரவில்லை. பாலென்கே கல்வெட்டு ஒன்று பகால் முடிசூடிய நாளின் 80-ஆவது 52 ஆண்டுச் சுற்றைப் பேசும்போது கி.பி. 4772 வரை போகிறது. 2012-இல் எல்லாம் முடியும் என்று நினைத்தவர்கள் அதற்கப்பால் 2,760 ஆண்டு தள்ளி நாள் குறிப்பார்களா?

அந்த வட்டக்கல் படம்தானே மாயா நாட்காட்டி?

அது மாயாவும் அல்ல, நாட்காட்டியும் அல்ல. 1790 டிசம்பரில் மெக்சிகோ நகரச் சதுக்கத்தில் கிடைத்த மெஷீகா சூரியக் கல். விட்டம் சுமார் 3.6 மீட்டர், எடை சுமார் 24 டன். நடு முகத்தைச் சுற்றி நான்கு கட்டங்களில் அழிந்துபோன நான்கு சூரியன்களும், அடுத்த வளையத்தில் 20 நாட்களின் குறிகளும் செதுக்கப்பட்டுள்ளன. இதை வைத்து எந்தத் தேதியையும் கணக்கிட முடியாது.

ஐந்து சூரியன்கள் என்றால்?

மெஷீகா நம்பிக்கையில் நாம் வாழ்வது ஐந்தாவது உலகம். முன்பிருந்த நான்கும் சிறுத்தைகளாலும், சூறைக்காற்றாலும், நெருப்பு மழையாலும், வெள்ளத்தாலும் அழிந்தன. இப்போதைய சூரியனின் பெயர் ‘4 அசைவு’, நிலநடுக்கத்தில் முடியும்.

இது பிறந்த இடம் தெயோதிவாகான் என்ற பழைய நகரம். சூரியனாக மாறத் தீயில் குதிக்க வேண்டும். பெருமைக்காரத் தெய்வமான தெக்குசிஸ்தெகாத்ல் நான்கு முறை ஓடிவந்து நான்கு முறையும் பின்வாங்கினான். உடலெல்லாம் புண்ணான நானாவாட்சின் கண்ணை மூடிக்கொண்டு ஒரே முறையில் குதித்தான், சூரியனானான். வெட்கப்பட்டுப் பின்னால் குதித்தவன் அதே ஒளியோடு எழ, தேவர்கள் அவன் முகத்தில் ஒரு முயலை வீசி மங்கச் செய்தார்கள். அதுதான் நிலா. ஆனாலும் சூரியன் நகரவில்லை. நகர்த்த மற்றத் தெய்வங்களும் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

52 ஆண்டுச் சுற்று முடிந்தால் மெஷீகா மக்கள் என்ன செய்வார்கள்?

அன்றிரவு உலகம் தொடருமா என்பதே கேள்வி. எல்லா அடுப்பும் விளக்கும் அணைக்கப்படும். வீட்டுத் தெய்வச் சிலைகள், அடுப்புக் கற்கள், அம்மி, குழவி எல்லாம் தண்ணீரில் எறியப்படும். கர்ப்பிணிகளுக்கு ஆனைக்கற்றாழை மடலால் முகமூடி கட்டித் தானியக் குதிரில் அடைப்பார்கள். தவறினால் அவர்கள் மனிதரைத் தின்னும் மிருகமாகிவிடுவார்கள் என்ற பயம். குழந்தைகளைத் தூங்கவிடாமல் கிள்ளி எழுப்புவார்கள், தூங்கினால் எலியாகிவிடுமாம்.

பூசாரிகள் இஸ்தபலாபா அருகிலுள்ள குன்றில் ஏறிக் கார்த்திகை மீன்கூட்டத்தைப் பார்ப்பார்கள். நள்ளிரவில் அது உச்சியைக் கடந்தால் வானம் நிற்கவில்லை என்று பொருள். உடனே ஒரு போர்க்கைதியின் மார்பில் கட்டை வைத்துக் கடைந்து தீ உண்டாக்குவார்கள். தீ பற்றியதும் மார்பு பிளக்கப்படும். தொலைவில் கூரைமேல் நிற்கும் மக்கள் அந்தச் சுடரைக் கண்டதும் தங்கள் காதைக் கீறுவார்கள், தொட்டில் குழந்தையின் காதையும் கீறி ரத்தத்தைத் தீ இருக்கும் திசைக்குச் சுண்டுவார்கள். ஓட்டக்காரர்கள் பந்தத்தை முதலில் தெனோச்தித்லானின் பெரிய கோயிலுக்கும் அங்கிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோவார்கள். கடைசியாக நடந்தது 1507-இல்.

நரபலி உண்மையா? எண்ணிக்கை?

உண்மை. மிகைப்படுத்தலும் உண்மை. 1487-இல் பெரிய கோயிலின் விரிவாக்க விழாவில் நான்கு நாளில் 80,400 பேர் பலியிடப்பட்டதாக ஒரு ஸ்பானிய வரலாறு சொல்கிறது. நான்கு நாளும் இரவும் பகலும் ஓயாமல் நடந்தாலும் நிமிடத்துக்கு 14 பேர் ஆகிறது. கல் கத்தியும் செங்குத்தான படிகளும் வைத்து அது நடக்காது. இன்னொரு ஆவணம் 20,000 என்கிறது. அதையும் அப்படியே ஏற்பவர் குறைவு.

எல்லாமே ஸ்பானியர் கட்டுக்கதை என்பதும் நிற்காது. 2015 முதல் மெக்சிகோ நகரில் தோண்டப்படும் மண்டையோட்டு மேடையில் 600-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்துள்ளன. பெண்கள், குழந்தைகளுடையவையும் உண்டு. பெரிய கோயிலின் மழைத் தெய்வம் த்லாலோக் பகுதியில், 48-ஆம் எண் காணிக்கைக் குழியில் 42 குழந்தைகளின் எலும்புகள். 1450-களின் கொடும் பஞ்சத்தோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

ஏன் செய்தார்கள்? தெய்வங்கள் உயிரைக் கொடுத்து உலகை நகர்த்தினார்கள், நாம் அந்தக் கடனைத் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். பலிக்கு அவர்கள் வைத்த ஒரு பெயரே ‘கடன் செலுத்துதல்’. பேரரசு அரசியலும் இதில் கலந்திருந்தது: பகை நாட்டுத் தூதர்களை அழைத்து உட்காரவைத்துக் காட்டினார்கள்.

தோஷ்காத்ல் விழாவைப் பாருங்கள். தெஸ்கத்லிபோகா தெய்வத்தின் உருவாக ஓர் இளைஞனை ஓராண்டுக்கு முன்பே தேர்ந்தெடுப்பார்கள். உடலில் தழும்போ குறையோ இருக்கக் கூடாது. புல்லாங்குழல் வாசிக்க, பூ ஏந்தி நடக்கப் பயிற்சி. தெருவில் எதிர்ப்படுபவர் அவனைத் தெய்வமாகவே வணங்குவார்கள். கடைசி 20 நாளில் நான்கு தேவியரின் பெயரில் நான்கு மனைவியர். விழா நாளில் தன் காலால் சிறு கோயிலின் படி ஏறுவான். படிக்குப் படி தான் வாசித்த குழல்களை உடைத்துக்கொண்டே போவான். அடுத்த ஆண்டுக்கானவன் அதற்குள் தயார்.

மாயா மன்னர்களும் பலியிட்டார்களா?

ஆம், கைதிகளை. ஆனால் கல்லில் அவர்கள் பெருமையோடு செதுக்கியது சொந்த ரத்தம் சிந்துவதையும்தான். யாஷ்சிலான் நகரின் 24-ஆம் எண் நிலைவிட்டம் (இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்) கி.பி. 709-இல் நடந்ததைக் காட்டுகிறது: அரசி கபால் ஷோக் மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றை நாக்கின் துளை வழியே இழுக்கிறார், மன்னர் தீப்பந்தம் பிடிக்கிறார். கீழே கூடையில் ரத்தம் படிந்த தாள். அடுத்த நிலைவிட்டத்தில் ஒரு பெரும் பாம்பு நெளிந்து எழ, அதன் வாயிலிருந்து ஆயுதம் ஏந்திய ஓர் உருவம் வெளிவருகிறது.

ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸை இறகுப் பாம்புத் தெய்வமான கெட்சால்கோஆத்ல் என்று மெஷீகா மக்கள் நம்பி ஏமாந்தார்களா?

தோல்விக்குப் பின் எழுதப்பட்ட நூல்களில்தான் இந்தக் கதை முழு வடிவில் வருகிறது. 1519-இல் மெஷீகா அரசவை அப்படி நம்பியதற்கு அந்தக் காலச் சான்று இல்லை. நகரம் வீழ்ந்ததற்குப் பெரியம்மையும், த்லாஷ்காலா போன்ற உள்நாட்டுப் பகைவர் ஸ்பானியரோடு சேர்ந்ததுமே போதிய காரணங்கள்.

இன்காக்கள் சூரியனை மட்டும்தான் வணங்கினார்களா?

சூரியனான இன்தி அரச குலத் தெய்வம். படைப்பவர் விராகோச்சா, இடி மழைக்கு இயாபா, நிலவு மாமா கியா, நிலம் பச்சமாமா, கடல் மாமா கோச்சா. ஆனால் அன்றாட மதத்தைப் புரிந்துகொள்ள ‘வாகா’க்களைத்தான் பார்க்க வேண்டும். ஊற்று, பாறை, குகை, மலைமுகடு, வயல் என எதில் புனித சக்தி இருக்கிறதோ அது வாகா. குஸ்கோவின் கோரிகாஞ்சா கோயிலிலிருந்து புறப்படும் 41 கோடுகளில் 330-க்கு அருகே வாகாக்களை பெர்னாபே கோபோ 1653-இல் வரிசையாகப் பட்டியலிட்டார். எந்தக் குடும்பக் குழு எந்தக் கோட்டைப் பராமரிக்க வேண்டும், எதற்கு எந்தக் காணிக்கை (சிப்பி, கோக்கா இலை, மெல்லிய துணி, லாமா, கினிப்பன்றி) என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோரிகாஞ்சாவின் சுவர்களில் பதித்த தங்கத் தகடுகள் 1533-இல், ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா மன்னர் அதாவால்பாவின் மீட்புத்தொகைக்காகப் பெயர்க்கப்பட்டன. மேலே ஸ்பானியர் மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் அது இடிந்தபோது அடியில் இருந்த இன்காச் சுவர்கள் அசையவில்லை.

இறந்த மன்னர்கள் சொத்து வைத்திருந்தார்களாமே?

ஆம். இன்கா மன்னரின் பதப்படுத்திய உடல் இறந்த பிறகும் தன் அரண்மனையையும் நிலத்தையும் பணியாட்களையும் வைத்திருந்தது. அவருடைய வம்சக் குழுவான ‘பனாகா’ உணவு படைத்தது, உடை மாற்றியது, விழாவுக்குத் தூக்கிவந்தது. புதிய மன்னருக்கு ஆட்சி கிடைக்கும், அப்பாவின் சொத்து கிடைக்காது. தனக்கென்று புது நிலம் தேட வேண்டும். இன்காப் பேரரசு வேகமாக விரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 1559-இல் போலோ தெ ஒந்தெகார்தோ என்ற அதிகாரி பல அரச உடல்களைத் தேடிப் பிடித்து லிமாவுக்கு அனுப்பினார்.

மலையுச்சிக் குழந்தைகள் யார்?

‘கபகோச்சா’ என்ற அரச பலிக்குத் தேர்ந்தவர்கள். 1999-இல் அர்ஜென்டினா-சிலி எல்லையில், 6,739 மீட்டர் உயர யூயாய்யாகோ எரிமலை உச்சியில் யோஹான் ரைன்ஹார்டும் கொன்ஸ்தான்சா செருத்தியும் மூன்று உடல்களைக் கண்டெடுத்தார்கள்: சுமார் 13 வயதுப் பெண், அவளைவிட மிகச் சிறிய ஒரு பையன், ஒரு சிறுமி. கடுங்குளிரும் வறண்ட காற்றும் 500 ஆண்டு உடலைக் காத்தன. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், முடியை வேர் முதல் நுனி வரை ஆராய்ந்தால் உண்டதெல்லாம் கால வரிசையில் தெரியும். பெரிய பெண்ணுக்கு இறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே உணவு உயர்ந்திருக்கிறது, கோக்காவும் கூடியிருக்கிறது. கடைசி வாரங்களில் மக்காச்சோள மது மிக அதிகம். இறந்தபோதும் அவள் வாயில் கோக்கா இலை இருந்தது. மூவரும் இப்போது சால்தா நகர அருங்காட்சியகத்தில்.

இந்தியாவிலிருந்து போன மதமா?

இல்லை. கோபான் நகரின் ‘பி’ தூணில் யானைத் தலை இருப்பதாக ஒரு காலத்தில் பெரிய வாதமே நடந்தது. அவை வளைந்த அலகுடைய மக்கா கிளிகள். நிலவில் முயல் நமக்கும் தெரிகிறது, அவர்களுக்கும் தெரிந்தது. ஒரே நிலாவில் ஒரே கறை. தொடர்பு இருந்திருந்தால் நெல்லோ மாடோ இரும்போ போயிருக்கும். ஒன்றும் போகவில்லை.

இன்றும் யாராவது பின்பற்றுகிறார்களா?

இலட்சக்கணக்கானோர், கத்தோலிக்கத்தோடு கலந்து. பெருவிலும் பொலிவியாவிலும் ஆகஸ்ட் மாதம் பச்சமாமாவுக்குப் படையல் வைக்கிறார்கள். நல்ல கோக்கா இலைகளாக மும்மூன்றாகப் பொறுக்கி, கொழுப்பு, இனிப்பு, தானியத்தோடு பொட்டலம் கட்டி எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். இன்றைய குஸ்கோவின் இன்தி ராய்மி விழா 1944-இல் மீட்டெடுத்த நாடக வடிவம். பழைய சடங்கு என்று நம்பிப் போகாதீர்கள்.

குவாத்தமாலா மலைநாட்டில் 260 நாள் எண்ணிக்கை இன்றும் ஓடுகிறது. மொமொஸ்தெனாங்கோவில் ‘நாள் காப்பவர்’ ஆவதற்குரிய நாள் 8 பாட்ஸ். அன்று மலைப் பீடங்களில் கோபல் பிசின் புகையும். குறி கேட்கப் போனால், அவர் பையிலிருந்து சிவப்பு விதைகளைக் கொட்டுவார். நம் கல்யாண முருங்கைக்கு உறவான மரத்தின் விதைகள். ஒரு பிடி அள்ளி, நான்கு நான்காக வரிசை வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு நாள் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு போவார். எண்ணிக்கை எந்த நாளில் வந்து நிற்கிறதோ, பதிலை அதிலிருந்து சொல்வார்.